ஊரார் விட்ட துணியை அள்ளிய அப்பா

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து, ஒரு வாய் சோறு உண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், போலகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவர் மகளின் வணக்கம். பக்கத்து வீட்டு வாத்தியார் நல்ல தமிழில் எழுதித் தருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நான் எழுதினால் மனக்குறையும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அவர்கள் குரும்பகரத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் வளர்ந்தவர். வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்கள் அடுத்தடுத்து வந்தபோது, அம்மாவையும் என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு தலத்தெருவில் வாடகைக்குக் குடிவந்தார். திருநள்ளாற்றுக் குளத்தில் துணி அள்ளும் வேலை கிடைத்தது. சனி தோஷம் தீர வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். அதை இழுத்துக் கரையேற்றுவதுதான் வேலை. கடைசிவரை அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. என் கல்யாணமும் அதில்தான் நடந்தது.

அப்பாவிடம் குடி கிடையாது, பொய் கிடையாது. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே குளித்துத் தலை துவட்டாமல் எங்களைத் தொடமாட்டார். "ஊரு சனிய அள்ளுறவன் நான். நம்ம நெலப்படிக்கு உள்ள அத வுடமாட்டேன்" என்பார். எவ்வளவு நல்ல துணி கிடந்தாலும் ஒரு நூல்கூட வீட்டுக்கு வந்ததில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவிலும் ஓடிப்போய் ஒரு எள் தீபம் ஏற்றிவிடுவார். "நாலு பேரு பாரம் எறங்குது, அதுல நமக்கும் புண்ணியம்தான்" என்று நம்பினார். பாவம், மனதார நம்பினார்.

ஆங்கிலப் புத்தாண்டன்று மற்ற வீடுகளில் கேக் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் அப்பா இருக்கமாட்டார். போன வருடத்துப் பீடை போன வருடத்தோடு ஒழியட்டும் என்று அன்றைக்கு வரும் கூட்டம் சொல்லி மாளாது. சென்ற புத்தாண்டன்றும் விடியுமுன் போனவர், பொழுது சாய வந்து குளித்தார். "நெஞ்சு என்னமோ பண்ணுது, கொஞ்சம் வெந்நி குடு" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். அள்ளியதெல்லாம் சேர்ந்து ஆளையே கொண்டுபோய்விட்டது என்கிறார் அம்மா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெளியூர் சொந்தக்காரர் ஒருவர் வந்தது வந்தோம் என்று அந்தக் குளத்துக்குப் போய் முழுகிவிட்டு வந்தார். "வேட்டிய அங்கேயே வுட்டுட்டேன். இப்பதான் மனசு லேசாயிருக்கு" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். உள்ளே அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொந்தக்காரர் பெயரை நான் எழுதவில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

இப்போது தம்பி. அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை. அவன் ஏறி இறங்காத வாசல் இல்லை. கடைசியில், இன்னும் சில நாளில் பிறக்கும் புத்தாண்டிலிருந்து அப்பாவின் வேலைக்கே வருவதாகக் குளத்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். அதைக் கேட்டதும் அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டார். பெற்றவள் பிள்ளையின் காலைப் பிடிப்பதையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒரு உசுரு போனது போதும்டா" என்றார் அம்மா.

"சனியாவது ஒண்ணாவது! வெறும் ஈரத்துணிம்மா அது" என்றான் தம்பி.

"வெறும் துணின்னா, அவ்வளவு சனமும் ஏண்டா அத வுட்டுட்டு ஓடுது?"

சனீஸ்வரா, உன் வாசலிலேயே காலமெல்லாம் கிடந்தவருக்கு நீ செய்தது இதுதானா? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கப் பயமாகவும் இருக்கிறது. தம்பிக்கு வேறு வேலை வாங்கித்தர எனக்கு வக்கில்லை. போகாதே என்று தடுத்தால் அந்தக் குழந்தைக்குப் பால் யார் வாங்குவது? என்ன செய்வதென்றே தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவைச் சுமந்த தோள்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தலத்தெருத் தாய்மார்களுக்கும், கூலியை விட்டுவிட்டுச் சுடுகாடுவரை வந்த குளத்தங்கரைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். குளத்துக்குப் போனால் நன்றாக முழுகுங்கள், கும்பிடுங்கள். உடுத்திய துணியை மட்டும் பிழிந்து வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போங்கள். அதை அள்ளத் தண்ணீரில் நிற்கப்போகிறவன் என் தம்பி.

எல்லோரும் அப்படிச் செய்தால் தம்பிக்கு அந்த வேலையும் இருக்காதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்.

"வேல இல்லாட்டி போவுது" என்றார் அம்மா. "புள்ள இருப்பான்ல."