கீரிமலைக்கு மூன்று வழி

கரம்பொனிலிருந்து கீரிமலைக் கேணிக்குப் போக மூன்று வழி உண்டு என்றும், மூன்றும் மாமிக்குச் சரிவராது என்றும் அப்பா ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கி முடித்தார்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வளவிலேயே பின்பக்கம் இருந்த வீட்டில் தனியாக இருந்தார். தீவுப் பக்கத்தில் நெடுங்காலம் மருத்துவிச்சியாக வேலை பார்த்தவர். வேலணை, மண்கும்பான் என்று ஸ்கூட்டரில் வீடுவீடாகப் போவார். ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. எனக்குப் பத்து வயதான வருடம், குறுக்கே வந்த மாட்டுக்கு விலத்தப் போய் ஸ்கூட்டரோடு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது, முழங்கால்தான் மடங்க மறுத்தது. தண்ணீருக்குள் நின்று நடந்து பழகினால் இளகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் கரையோ கல்லும் சேறும். கீரிமலையில் ஊற்றுத் தண்ணீர், இறங்கப் படி, பெண்களுக்குத் தனிக் கேணி. மாமிக்குக் கீரிமலைதான் வேண்டும்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி வழிகளைச் சொன்னார். வான் பிடித்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்ச் சுற்றிப் போகலாம். அவ்வளவு நேரம் காலை நீட்டியபடி இருக்க முடியாது. பஸ்ஸில் போகலாம், இரண்டு பஸ் மாறவேண்டும், படியோ உயரம். மூன்றாவது, ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்கும் மிதவை. அதை நாங்கள் பாதை என்போம். தூரம் மிகவும் குறையும், ஆனால் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே பொல்லை ஊன்றிக்கொண்டு நிற்கும்போது யாராவது இடித்தால்?

"அக்கா, உங்களுக்கு ஏலாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணை வானோட வாறார். யாழ்ப்பாணத்தில அவர் வீட்டில இருந்தால் ஆஸ்பத்திரியும் கிட்ட, கீரிமலையும் கிட்ட."

மாமி முருங்கைக்காய்ச் சக்கையைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். "எனக்கு ஏலுமோ ஏலாதோ எண்டு என்னட்டைக் கேட்டனியோ?"

அந்த வானில் ஏறினால் மாமியின் வீடு பூட்டப்படும், மாமி திரும்பி வரமாட்டார் என்பது மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாமி பெரியப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கும் வானில் இடம் இருக்குமா என்பதுதான் என் கவலை.

செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் மாமி என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட விடுமுறை. மாமி சேலை உடுத்து, பையில் மாற்றுடுப்பும் துவாயும் வைத்துத் தயாராக நின்றார்.

"பிள்ளை, பாதையில போவமே?"

வாசற் படலையடியில் ஓட்டோ நின்றது. அம்மா குசினி யன்னலால் பார்த்தார். பிறகு பார்க்காதவர் மாதிரித் திரும்பித் தேங்காய் துருவத் தொடங்கினார்.

ஊர்காவற்றுறைத் துறையில் பாதை புறப்படத் தயாராக இருந்தது. மாமியைக் கண்டதும் பாதைக்காரர் ஓடிவந்து கை நீட்டினார். "மிஸ்ஸி! எங்கை இந்தக் காலோட?"

"இந்தக் காலை விட்டிட்டு வர ஏலாதே," என்று சொல்லிவிட்டு, நீட்டிய கையைத் தொடாமல் மாமி பலகையில் பொல்லை ஊன்றி ஏறினார். காற்றுக்குச் சேலை படபடக்க, கம்பியைப் பிடித்தபடி கரை வரும்வரை நின்றார். யாரும் இடிக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் அவருக்குப் பயந்து ஒதுங்கி நின்றார்கள்.

காரைநகரில் பஸ் படி உண்மையிலேயே உயரம். மாமி நல்ல காலை வைத்து ஏறப் பார்த்தார், மற்றக் கால் வரவில்லை. இரண்டாம் முறை வழுக்கி, முழங்கால் தகரத்தில் அடிபட்டு இரத்தம் கசிந்தது. பஸ்ஸுக்குள் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். நான் பையைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு, பின்னால் இரண்டு கையையும் கொடுத்து என் பலம் முழுவதையும் சேர்த்துத் தள்ளினேன். மேலே கொண்டக்டர் இழுத்தார். மாமி உள்ளே போய்ச் சேர்ந்தார். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

சித்தங்கேணியில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போனோம். கேணியின் படிகளில் மாமி நின்று இறங்கவில்லை. முதற்படியில் அமர்ந்து, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக அரைந்து இறங்கினார். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். மாமி அவர்களைத் திருப்பிப் பார்த்தார். அவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் பொல்லை என்னிடம் நீட்டினார். பிறகு நடந்தார். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு, திரும்ப அந்தக் கரைக்கு, ஒன்றையும் பிடிக்காமல், முதுகு நிமிர்ந்து. விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அப்படி நடந்து நான் காணவில்லை. மதிலுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. மாமி கத்திச் சொன்னார்: "பாரடி, என்ரை கால்!"

திரும்பி வரும்போதும் பஸ்ஸில் நான்தான் தள்ளினேன். பாதை ஊர்காவற்றுறைக் கரையை நெருங்க, அங்கே மோட்டார் சைக்கிளோடு அப்பா நிற்பது தெரிந்தது. மாமி சேலையில் முழங்காலடியில் கசிந்திருந்த இரத்தத்தை மடிப்புக்குள் மறைத்தார்.

"நீ பத்தடி பின்னால வா. என்னைப் பிடியாதை."

"ஏன் மாமி?"

"சொன்னதைச் செய்."

அவர் தனியாக இறங்கி, தனியாக நடந்து, அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"எப்பிடிப் போனனீங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"பாதையில போனனான், பாதையில வந்தனான்."

"பஸ்ஸில ஆர் ஏத்தினது?"

"என்ரை கால்தான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. என் வேலையை ஒரு கால் கொண்டுபோவதா? பத்தடியையும் ஓடிக் கடந்தேன்.

"இல்லையப்பா! நான்தான் தள்ளி ஏத்தினனான். ரெண்டு தரம். மாமி வழுக்கி விழப் பார்த்தவ, ரத்தமும் வந்தது. நான் இல்லாட்டில் மாமிக்கு ஏறவே ஏலாது!"

அப்பா மாமியைப் பார்த்தார். வெற்றி பெற்றவர் மாதிரிக்கூட இல்லை, களைத்தவர் மாதிரி. "கேட்டனீங்களே, அக்கா?" என்றார்.

மாமி என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. கோபம் ஒரு கணம்தான். பிறகு சிரித்துவிட்டார். "ஓம். பிள்ளைதான் தள்ளினவ. நல்லாத் தள்ளினவ," என்று என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை நான் எழும்பிப் பார்த்தபோது மாமியின் கதவு பூட்டியிருந்தது. பத்து மணிபோல அப்பாவின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்ததாம். "தம்பி, நான் கேணியடியில நிக்கிறன். ஒருத்தரும் என்னோட வரேல்லை. தண்ணி நல்லாயிருக்கு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அந்த பஸ் படியில் எப்படி ஏறினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமி யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வானோடு வந்தார். பின் ஆசனத்தைச் சரித்து, தலையணை போட்டு, எல்லா ஆயத்தத்தோடும் வந்திருந்தார். மாமி அதே பையோடு வெளியே வந்தார்.

"வான் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு, அண்ணை. என்னைக் கீரிமலையில இறக்கிவிடுங்கோ. திரும்பி நான் பாதையில வருவன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். அம்மா மட்டும் ஓடிப்போய்ப் பின் ஆசனத்திலிருந்த தலையணையை எடுத்து மாமியின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். பின்னேரம் பாதையில் மாமி வந்து சேர்ந்தார். பெரியப்பா பிறகு வான் கொண்டு வரவில்லை.

நான்தான் மாமியோடு கோபம். வியாழனும் விட்டுவிட்டுப் போனார், ஞாயிறும் விட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள் வெடித்தேன்.

"ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போறேல்லை?"

மாமி காலை மடித்து நீட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே சொன்னார்: "நீ நல்லாத் தள்ளுவாய், பிள்ளை. அதாலதான்."

பள்ளிக்கூடம் தொடங்கியதும், என் மாமி இப்படிச் சொன்னார் என்று வகுப்பில் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன்.