விளிம்பில் இருந்த முத்திரை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அந்த அம்மாவுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் பிரான்ஸ் நாட்டு அறிஞர் சங்கங்கள் ஒரு காலத்தில் வெளியிட்ட வெள்ளிப் பதக்கங்களைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால், லேசில் தப்பிக்க முடியாது. கூட்டத்துக்கு ஒழுங்காக வந்தவருக்கு ஒன்று, நல்ல பேரிக்காய் விளைவித்தவருக்கு ஒன்று என்று அந்தச் சங்கங்கள் வாரி வழங்கியிருக்கின்றன. இருபது வருடத்தில் நாற்பது சேர்த்திருந்தார்.

நகர நூலகம் அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கேட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பொறுப்பாளரான வரலாற்றுப் பேராசிரியர் மட்டும், "லென்ஸ் தேய்க்கிறவங்களுக்கு இதெல்லாம் சரியாத் தெரியுமா?" என்று இழுத்தாராம். அது இவர் காதுக்கும் வந்தது. பதக்கங்களுக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பு அட்டைகளில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது என்று வைராக்கியம் பிடித்துவிட்டது.

காட்சிக்கு முந்தின நாள் மதியம் ஒவ்வொன்றாக நூலகம் கொடுத்த தாங்கியில் வைத்துப் பார்த்தார். 1843 என்று பொறித்த மருத்துவச் சங்கப் பதக்கம்தான் அவருடைய செல்லம். யாரோ அதைச் சுற்றிப் பித்தளை வளையம் மாட்டியிருந்தார்கள். கீறல் விழுமோ என்று பயந்து பதினோரு வருடமாக அவர் அதைக் கழற்றியதில்லை. வளையத்தோடு அது தாங்கியில் உட்காராததால் இன்று மெல்லக் கழற்றினார்.

விளிம்பில் கடுகளவு முத்திரை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பழங்கள் வழியும் கொம்பு. பாரிஸ் நாணயச்சாலை அந்த முத்திரையைக் குத்த ஆரம்பித்ததே 1880இல்தான். அப்படியென்றால் இது பழைய அச்சில் பின்னால் அடித்த மறுபதிப்பு. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கணவர் எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "வளையத்தைத் திரும்ப மாட்டிடு. வேற தாங்கி கேட்டுக்கலாம். யாரு கழட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

"அந்த ஆளு சும்மாவே சந்தேகப்படுறாரு. நீயா வாயக் குடுத்து மாட்டிக்காத."

அந்த அம்மா புது அட்டை எடுத்து எழுதினார்: 'இது மறுபதிப்பு. பதினோரு ஆண்டுகள் அசல் என்று நம்பியிருந்தேன். விளிம்பைப் பாருங்கள்.'

மறுநாள் பேராசிரியர் கையில் பேனாவும் குறிப்பேடுமாக வந்தார். பிழை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த அட்டை முன்னால் நின்றார். படித்தார், குனிந்து விளிம்பைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"நீங்க எழுதலைன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"தெரியாதுன்னு தெரியும் சார். அதான் எழுதினேன்."

பேராசிரியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். மிச்சம் முப்பத்தொன்பது அட்டைகளையும் கையைக் கட்டிக்கொண்டு படித்தார்.