பைகளுக்குக் காவல்

விழுப்புரம் பாசஞ்சரில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த நெல்லித்தோப்புக் குடும்பமும் எங்களோடு இறங்கி, ஏரிக்கரைக் காட்டுக்கு நடந்தது. அண்ணன், அண்ணி, பிள்ளைகள், கூடவே ஐம்பது வயதில் கல்யாணமாகாத தங்கை. அவர் சேலைக்குக் கீழே புது கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்.

காட்டு முகப்பில் குரங்குகள் அதிகம். சாப்பாட்டுப் பைகளை அவரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவர் பைகளை வரிசையாக வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் மனைவியும் பக்கத்திலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

“நீங்க போகலையா?” என்று என் மனைவி கேட்டாள்.

“போன வருஷமும் இங்கதான் உக்காந்திருந்தேன். உள்ள போனா ஏரி தெரியுமாமே?”

“பாத்துட்டு வாங்க. பைய நாங்க பாத்துக்கறோம்.”

அவர் தயங்கி எழுந்து பத்தடி போயிருப்பார். தண்ணீர் எடுக்க வந்த அண்ணன் எதிரே நின்றார்.

“யாரோ எவரோ, அவங்ககிட்ட பைய வுட்டுட்டு எங்க போற?” என்று எங்களுக்குக் கேட்கும்படியே கேட்டார். தங்கை திரும்பி வந்து உட்கார்ந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் அண்ணன் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டு வந்தார். “எங்க போனாலும் தங்கச்சிய கூட்டிக்கினுதான் சார் போவேன். வீட்ல தனியா வுட மனசு வராது.”

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த அம்மாளும் தலையாட்டினார். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.