பூப்போட்ட கவுனும் டெய்லர் அண்ணனும்

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் டீக்கடைக்கு ஒரு பெரியவர் கவுனோடு வந்துவிட்டார். அப்போதெல்லாம் நோயாளிகளுக்குக் கொடுக்கிற கவுன் முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். கழுத்தில் ஒரு நாடா, அவ்வளவுதான். பெரியவர் ஒரு கையால் பின்பக்கத் துணியைச் சேர்த்துப் பிடித்திருந்தார். மறுகையில் டீ. கடைக்காரர் பிஸ்கட்டை நீட்டினார். டீயை விட மனசில்லை, மானத்தை விட முடியவில்லை. பாவம், விழித்துக்கொண்டு நின்றார்.

எதிர்க்கடை டெய்லர் அண்ணன் எழுந்து வந்தார். டீ வாங்க வந்தவர் போலப் பெரியவருக்குப் பின்னால் நின்றார். சட்டைக் காலரில் எப்போதும் நூலோடு குத்தியிருக்கும் ஊசியை எடுத்து நாலு தையல் போட்டு, நூலைக் கடித்துத் துப்பிவிட்டுப் போய்விட்டார். பெரியவர் மெதுவாகக் கையை விட்டுப் பார்த்தார். துணி விலகவில்லை. "கடவுள் இருக்காருப்பா" என்று சொல்லி ரெண்டு பிஸ்கட்டாக எடுத்துக்கொண்டார். கடவுள் கையில் ஊசி இருந்ததைச் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரித் துணி துவைப்பதுதான் என் வேலை. அந்தச் சமயம் என் மாமியாருக்குப் பித்தப்பையில் கல். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார் கவுனைத் தூக்கிப் பார்த்தார், முன்னும் பின்னும் திருப்பினார்.

"இதுல பாதி எங்கடி?"

"அவ்வளவுதான் அத்தை."

"அப்ப கல்லு என் வயித்துலயே இருக்கட்டும். இத்தனை வருஷமா இருக்கு, சோறா கேட்டுச்சு?"

நான் கும்பிட்டேன், என் வீட்டுக்காரர் கெஞ்சினார். அசையவில்லை. வேறு வழி தெரியாமல் டெய்லர் அண்ணனிடம் போய் அழுதேன். அவர் கவுனை மேசையில் விரித்துப் பார்த்தார்.

"இதைத் தைச்சவன் நின்னுக்கிட்டே தைச்சிருக்கான்மா. படுக்கிறவங்களை நினைச்சே பார்க்கல. உங்க அத்தைக்கு மட்டுமில்ல, எல்லாக் கட்டிலுக்கும் நானே தைச்சுக் கொடுக்கிறேன்."

பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிகிற மாதிரி ரெண்டு பாகம், விலாப்பக்கம் ஒரு நாடா. டாக்டர் ஒரே இழுப்பில் திறந்துவிடலாம். காற்றால் திறக்க முடியாது. துணிக்கு ஜவுளிக்கடைக்காரரைப் பிடித்தார். அவரும் நல்ல மனசோடு தூக்கிக் கொடுத்தார், மூன்று வருஷமாக யாரும் சீந்தாத ஜன்னல் திரைத் துணியை. பச்சை இலை, நடுநடுவே தலை பெரிசுக்கு மஞ்சள் பூ, பூவுக்கு நடுவில் கறுப்பு வட்டம்.

இருபத்தாறு கட்டிலுக்கும் மாற்றுக் கவுனோடு தைத்து முடித்தார். அதற்குப் பிறகும் துணி மிச்சம் இருந்தது. அங்கேதான் வம்பு. துணியை மிச்சம் வைப்பது அண்ணனுக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி. மிச்சத்தில் தலையணை உறை தைத்தார். கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் திரையும் தைத்தார். வார்டைப் பார்த்தால் தோட்டத்தில் கட்டில் போட்ட மாதிரி இருந்தது. மாமியார் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுன்னா சரி, தேதி குறிக்கச் சொல்லு" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் ஆண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டில் பஸ் டிரைவரைக் காணோம். தலைமை நர்ஸ் குளியலறையில் தேடினார், மாடியில் தேடினார், வாட்ச்மேனை பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினார். முக்கால் மணி நேரம் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் ஒன்பதாம் கட்டில் திரையிலிருந்து ஒரு பூ தும்மியது.

டிரைவர் அங்கேயேதான் நின்றிருந்தார், திரையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கவுன் திரையோடு திரையாகக் கலந்திருந்தது. கறுத்த தலை பூ நடுவிலிருக்கும் வட்டத்தோடு அப்படியே பொருந்தியிருந்தது.

"யோவ், கூப்பிட்டமே, காது கேக்கலையா?" என்றார் நர்ஸ்.

"நீங்கதானே சிஸ்டர் இடுப்புல ஊசி போடணும், திரும்பி நில்லு, மூச்சு விடாம நில்லுன்னு சொல்லிட்டுப் போனீங்க? நீங்க வர்றீங்க, போறீங்க. ஊசிதான் வரல."

வார்டே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நோயாளி கண்ணுக்குத் தெரியலைன்னா நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறது? நாளையிலேருந்து பழைய கவுனே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பழைய கவுன் என்று தெரிந்தால் மாமியார் அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த கவுன் ஒன்றை உருவிக்கொண்டு அண்ணன் கடைக்கு ஓடினேன். சாயம் போகாமலிருக்க நாங்கள் எதையும் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் காயப்போடுவோம்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கவுனைப் பார்த்தார்.

"இதுல பூவே இல்லையேம்மா!"

துணியின் உள்பக்கம் சாம்பல் கலந்த வெள்ளை. ஒரு இலைகூட இல்லை. ஆனால் தையல் ஓரமெல்லாம் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

"இப்படியே போட்டுடலாமே அண்ணே."

"தையலை வெளிய காட்டுறதும் தையக்காரன் நடுத்தெருவுல நின்னு அழுவுறதும் ஒண்ணும்மா. எதிர்லயே கடை வச்சிருக்கேன். எவன் என்கிட்ட துணி கொடுப்பான்?" என்று கவுனைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் மிஷினைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு, "அத்தைக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன்?" என்று கேட்டார்.

"காலையில எட்டு."

நாடாவைப் பிரித்து மறுபக்கம் வைத்துத் தைக்க ஆரம்பித்தார்.

மாமியார் தையல் பிதுங்கலைக் கவனிக்கவே இல்லை. முதுகைத் தடவிப் பார்த்தார், மூடியிருந்தது, போய்ப் படுத்துக்கொண்டார். கடவுள் புண்ணியத்தில் கல் வெளியே வந்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா கவுனைப் பிடித்துப் பார்த்து, "இது என்ன உள்வெளியா இருக்கு?" என்றார்.

"அப்படித்தான் தைக்கணும் டாக்டரம்மா. மூணு நாளா மல்லாந்தே கிடக்கேன், ஒரு இடத்துல தையல் உறுத்தல. வீட்டு நைட்டியே முதுகை வரிவரியாக்கிடும்."

டாக்டரம்மா நேராகப் போய் மாசக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ரெண்டு பேரின் முதுகில் பதிந்திருந்த தையல் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே பூப்போட்ட கவுன் எல்லாவற்றையும் உள்வெளியாக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம், பூ உள்ளே, தையல் வெளியே. நான்தான் கைப்பழக்கத்தில் அதையும் திருப்பி, பூ வெளியே தெரியக் காயப்போட்டுவிடுவேன்.

தெருவில் அண்ணனைக் கேலி செய்யாதவர்கள் பாக்கியில்லை. பேண்ட் தைக்கக் கொடுப்பவர்கள், "அண்ணே, எனக்கு உள்பக்கம் உள்ளேயே இருக்கட்டும்" என்பார்கள். அவரும், "ஆஸ்பத்திரியில வந்து படு, வெளிய வச்சுத் தர்றேன்" என்பார். யாரும் துணி கொடுக்காமல் இருந்துவிடவில்லை.

பல வருஷம் கழித்து மூச்சுத்திணறலோடு அவரே வந்து ஒன்பதாம் கட்டிலில் படுத்தார். நாலு நாள் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றார்கள். வேனில் ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்று விலாப்பக்க நாடாவைச் சரியாகக் கட்டிவிட்டேன். மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். அவர் முகத்துக் குழாயை விலக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

"கவுனைத் திருப்பிக் கொடுத்தனுப்புறேன்மா. நீ வழக்கம்போல பூவை வெளிய திருப்பிக் காயப்போட்டுட்டு, நான் திரும்பி வந்ததும் அப்படியே எனக்கு மாட்டி விட்டுடாத. அப்புறம் அந்த டிரைவர் மாதிரி என்னையும் எல்லாரும் தேடிக்கிட்டு நிக்கணும்."