விசாலாக்ஷி மாமி வீட்டு மீன் வாடை

சரசாவால் எந்த வீட்டிலும் ஒரு டீ குடிக்கும் நேரம்கூடச் சும்மா உட்கார முடியாது. கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்க்கும் முன் மண்டபத்து மீட்டர் போர்டைப் பார்ப்பாள். சாவு வீட்டிலும் ஒரு கண்ணில் அழுகை, இன்னொரு கண் ஃபியூஸ் பெட்டியில். கசார்வாடியில் சுவிட்ச் செய்யும் பட்டறையில் பழகிய மூக்கு அது. பட்டறையை மூடியபோது வேலை போனது, மூக்கு போகவில்லை. போபோடியில் எந்தப் பழைய போர்டு கருகினாலும் அவளுக்குத்தான் போன் வரும்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் விசாலாக்ஷி மாமி கூப்பிட்டாள். மாடியில் விளக்கு மினுக்குகிறதாம். போய்ப் பார்த்தால் படிக்கட்டில் மூட்டை முடிச்சுகள். மாடியில் குடியிருக்கும் ஷீலா பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஷீலா, ஊருக்கா?"

"ஞாயித்துக்கிழம காலி பண்ணணுமாம்க்கா. மீன் வறுக்குறேனாம்."

"வறுக்கிறியா?"

"இங்க வந்ததுலேருந்து முட்டகூட ஒடைக்கலக்கா. பாப்பாவ இப்பதான் பக்கத்து ஸ்கூல்ல சேத்தேன். இப்ப எங்க போவேன்?"

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "பொய் சொல்றா. நேத்து விளக்கேத்தற நேரத்துக்குக் குப்புனு அடிக்கறது."

"மீன் வாடை எப்டி இருக்கும்னு மாமிக்கு எப்டித் தெரியும்?"

"கட்கி மார்க்கெட் வழியா மூக்கைக் கழட்டி வெச்சுட்டா போறேன்?"

சரசாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கீழே இறங்கி போர்டில் மெயினை அணைத்து, மாடி லைனின் பீங்கான் ஃபியூஸை உருவினாள். மாமி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பாரு, கரியாப் போயிருக்கு. அவ ஹீட்டர் போடறா."

"லோடு ஏறியிருந்தா கம்பி உருகியிருக்கும் மாமி. இல்லன்னா ஃபியூஸோட ரெண்டு பித்தளக் காலும் ஒரே மாதிரி பழுத்திருக்கும். இங்க ஒரு கால்தான் கருப்பு. கரண்ட் போற வழியில என்னமோ அடைச்சிக்கினு கீது."

பித்தளைக் காலை நகத்தால் சுரண்டினாள். கரிக்கு அடியில் மஞ்சள் பொடி உதிர்ந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

"மாமி, பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

"பின்ன? வீட்டுக்கே வெளிச்சம் தர்றது. மெயினை அணைச்சுட்டு, ஒண்ணொண்ணாக் கழட்டித் தொடச்சு, அழகாப் பொட்டு வெச்சேன்."

"நெத்தியில வெச்சா சாமி. பல்லு இடுக்குல வெச்சா? அந்த மீன் வாடையும் இங்கேர்ந்துதான் மாமி."

மாமி நம்பவில்லை. சரசா ஃபியூஸை அழுக்கோடு அப்படியே சொருகி, மாடி கீசரை ஓடவிட்டாள். ஷீலாவைக் கீழே கூப்பிட்டு மாமி பக்கத்தில் நிறுத்தினாள். மூன்று பேரும் சாமி வரக் காத்திருப்பதுபோல் போர்டையே பார்த்தார்கள். ஷீலா துப்பட்டா நுனியை முறுக்கினாள். வாடை வராவிட்டால் அந்த மூட்டைகள் தெருவுக்குத்தான் போகும்.

வந்தது. முதலில் லேசாக, பிறகு ஒரு கூடை மீனைக் கவிழ்த்தது போல.

மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷீலாவின் கைகளைப் பார்த்தாள். "மீனேதான்டி இது."

"ஃபியூஸ் ஒக்கார்ற பேக்கலைட் பலகை மாமி. வெந்தா இப்டித்தான் நாறும்." சரசா மெயினைத் தட்டி அணைத்தாள்.

மாமி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "படிக்கட்டுல மூட்டைய வெச்சு வழிய அடைச்சிருக்கா. மேல எடுத்துண்டு போகச் சொல்லு" என்றாள்.

சரசா வெந்த பலகையை மாற்றி, எல்லாக் கால்களையும் தேய்த்து, திருகுகளை முறுக்கிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த மாதம் மறுபடியும் போன். "சரசா, அதே வாடை."

எந்தத் திருகை விட்டோம் என்று வழியெல்லாம் மனசு பிறாண்ட, ஓடிவந்து போர்டில் புறங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. ஒவ்வொரு படியாக மோப்பம் பிடித்து மாடிக்கு ஏறினாள். தோசைக்கல்லில் பொம்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஷீலாவின் மகள் புதுச்சட்டையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பாவுக்குப் பொறந்தநாளுக்கா. இந்த ஒரு தடவதான்" என்றாள் ஷீலா, கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

"என்னடி, போர்டா?" என்றாள் மாமி, கீழேயிருந்து.

சரசா ஜன்னலை அகலத் திறந்துவிட்டு இறங்கினாள். "போர்டுதான் மாமி. இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டிக்கினு கீது."

ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நன்றாக இருந்த திருகு ஒன்றைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக நின்றாள்.

"இன்னும் எத்தனை நேரம்டி?"

சரசா மாடிப் பக்கம் காதைக் கொடுத்தாள். எண்ணெய் இன்னும் சலசலத்தது.

"இன்னொரு பக்கமும் வேகணும் மாமி" என்று சொல்லவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு திருகு பாக்கி" என்றாள்.