கறைக்காரியும் குழந்தையின் பல்லும்

சலவைக் கடையில் அவளைக் கறைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர் அல்ல. மற்றவர்கள் கையை விரித்துவிட்ட துணியெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். மை, கிரீஸ், ரத்தம், துரு என்று எது பட்டிருந்தாலும் முதலில் துணியை விளக்குக்கு நேரே பிடிப்பாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். இன்ன கறை என்று தெரிந்த பிறகுதான் சீசாவைத் திறப்பாள். துணி மடிக்கிற வேலைக்கு வந்தவள், இஸ்திரிக்கு மாறி, அங்கிருந்து இந்த மேசைக்கு உயர்ந்திருந்தாள். யாரையும் பாராட்டத் தெரியாத முதலாளிகூட அவள் விடுப்பு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். ஈரம் காய்வதற்குள் கை வைத்துவிட வேண்டும், காய விட்டால் கறை துணிக்குச் சொந்தக்காரனாகிவிடும் என்பாள்.

அவளுடைய பெண் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே எதுக்களிப்பு. குடித்த பால் தோள் துணியில்தான் பாதி இருக்கும். இரைப்பையின் வாய் இன்னும் இறுகவில்லை, அமிலம் மேலே ஏறுகிறது, வளர வளரச் சரியாகும் என்று குழந்தை வைத்தியர் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். பிறகு ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் சேர்ந்தது. நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கி, எதிர்த்துப் பேசவும் தொடங்கிய பிறகும் எதுக்களிப்பு மட்டும் முழுதாக நிற்கவில்லை. படுத்தால் புளித்த வாடை வரும். பளிச்சென்று முளைத்த முன்பற்களில் ஈறை ஒட்டிக் கறுப்புக் கோடு விழுந்தது. மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மங்கிப்போனது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் மாடியில் குடியிருந்த நாத்தனார், கணவனின் அக்கா. குழந்தை என்றால் அவளுக்கு உயிர். குழந்தையைப் பெற்றவளைக் கண்டால் ஆகாது. அவள் முகத்துக்கு நேரே அண்ணி என்று கூப்பிட்ட கறைக்காரி, மனசுக்குள் அவளுக்கு மேல்மாடி என்று பெயர் வைத்திருந்தாள்.

கொழுந்தன் வீட்டில் ஒருநாள் எல்லோரும் கூடிச் சாப்பிட்டார்கள். யாரோ சொன்ன வேடிக்கைக்குக் குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பார்வையெல்லாம் அந்தப் பற்களில் போய் நின்றது. மேல்மாடி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஊர் துணியில இருக்கிற கறையெல்லாம் எடுக்கிறா. பெத்த பிள்ளை பல்லுல இருக்கிறது மட்டும் அவ கண்ணுக்குத் தெரியலை."

எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மற்றவர்கள் சிரிப்பு போகிற போக்கில் போயிருக்கும். அவன் சிரிப்புதான் அவள் நெஞ்சில் தைத்தது. வீடு திரும்பும் வழியில் அவன், அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பல் சரியாகும்வரை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு என்றான். அத்தனை வருஷம் போராடி வாங்கிய மேசையை ஒரு கேலிப் பேச்சுக்காக விட்டுக்கொடுப்பதா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள். மேல்மாடியை இதே சொந்தக்காரர்கள் காதில் விழும்படி தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அன்றிலிருந்து குழந்தைக்கு எதுக்களித்து முடிந்ததோ இல்லையோ, பிரஷ்ஷோடு வந்து நிற்பாள். ஈரம் காய்வதற்குள் தேய்த்துவிட வேண்டும். குழந்தை காலை உதைத்துக் கத்தும். அவள் விடமாட்டாள். தேய்க்கத் தேய்க்கப் பல் இன்னும் மஞ்சளாவதுபோல் தெரிந்தது. அதற்கும் மாடியில்தான் காரணம் இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.

தேடியது கிடைத்தது. ஒரு மாலை குழந்தையை அழைத்துவர மாடிக்குப் போனபோது, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே பால் புட்டி ஒன்று உருண்டு கிடந்தது. எடுத்து முகர்ந்தாள். பால் இல்லை, ஆரஞ்சு ஜூஸ். கடையில் வாங்கிய தித்திப்பு ஜூஸ். நாத்தனாரிடம் கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அவளுக்குச் சண்டை வேண்டாம், தீர்ப்பு வேண்டும். புட்டியைக் கழுவாமல் பையில் கட்டி, ஃப்ரிட்ஜின் மூலையில் ஒளித்து வைத்தாள். பல் டாக்டரிடம் நாள் வாங்கினாள். பகலில் குழந்தை உங்களோடுதானே இருக்கிறது, டாக்டர் ஏதாவது கேட்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று குழைந்து குழைந்து நாத்தனாரையும் அழைத்தாள். கணவனையும் வரச் சொன்னாள். தீர்ப்புக்குச் சாட்சி வேண்டுமே.

அதற்குள் மேல்மாடி, கறை எடுக்கச் சொல்லித் தன் கோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். வெளிர்நீலக் கோட்டு. முக்கியமான இடங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்வது. மார்பில் பால் காபி சிந்தியிருந்தது. கறைக்காரிக்கு அது ஒரு வேலையே இல்லை. குளிர்ந்த தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போய்விடும். சூடு மட்டும் படக்கூடாது, பட்டால் பால் நூலுக்குள் வெந்து இறுகிவிடும். கோட்டை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசையிலிருந்து கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து கறையின் மேல் வைத்து அழுத்தினாள். ஆவி பொங்கி முகத்தில் அடித்தது. அந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு துணியை அவள் வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று சாப்பாடு ருசியாக இருந்தது.

பல் டாக்டர் ஒரு பெண். குழந்தையை நாத்தனார் மடியில் உட்கார வைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பொறுமையாகப் பார்த்தார். பால்பல் நிறம் மாற ஒரே காரணம் என்று கிடையாது என்றார். அடிபட்டால் மாறும், சொத்தையால் மாறும், சில குழந்தைகளுக்குப் பல்லின் மேல்பூச்சு உருவாகும்போதே குறை வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனவர், சொட்டு மருந்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். முன்பல் வழியாக நாக்கில் சொட்டவிடுவேன் என்றாள் கறைக்காரி. அந்தக் கறுப்புக் கோடு இரும்புச்சத்தின் கறைதான், மேலோடு படிந்தது, சுத்தம் செய்தால் போய்விடும், இனிமேல் உள்கன்னத்தில் விட்டுத் தண்ணீர் கொடுங்கள் என்றார் டாக்டர்.

கவலையெல்லாம் பல்லின் பின்பக்கத்தைப் பற்றித்தான். கீழேயிருந்து வருகிற அமிலம் பட்டுப் பட்டு மேல்பூச்சு தேய்ந்திருக்கிறது, அடியில் இருக்கிற மஞ்சள்தான் வெளியே தெரிகிறது என்றார். ஆனால் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தேய்ந்திருக்கக் கூடாதே என்று யோசித்தார். கறைக்காரி பையை அவிழ்த்துப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் அடியில் ஜூஸ் கூழாகியிருந்தது.

"இது எங்க இருந்துச்சுன்னு அண்ணியைக் கேளுங்க டாக்டர்."

மேல்மாடியின் முகம் வெளுத்தது. மருந்தைத் துப்பிவிடுகிறாள், கசப்பு போகட்டும் என்று ரெண்டு வாய் கொடுப்பேன் என்று முணுமுணுத்தாள். புட்டியில் ஜூஸ் கூடவே கூடாது, அதிலும் அமிலம் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கணவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். இந்த ஒரு பார்வைக்காகத்தான் கறைக்காரி காத்திருந்தாள்.

டாக்டர் அத்தோடு நிறுத்தவில்லை. பல் எப்போது தேய்த்துவிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"எதுக்களிச்ச உடனே டாக்டர்," என்றாள் கறைக்காரி தலை நிமிர்ந்து. "ஈரம் காயறதுக்குள்ள அழுத்தித் தேச்சிடுவேன். ஒரு தடவைகூட விட்டதில்லை."

டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அமிலம் பட்டவுடன் பல்லின் மேல்பூச்சு இளகி இருக்கும், அந்த நேரத்தில் தேய்த்தால் பூச்சும் கூடவே வந்துவிடும் என்றார். தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு, ஒருமணி நேரமாவது கழித்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். துணியில் இருப்பது கறை, அதை எடுக்கலாம். இங்கே நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தது பல்லை என்றார்.

கறைக்காரிக்குக் காலை உதைத்துக் கத்திய குழந்தையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தேய்த்தது கண்முன் வந்தது. டாக்டர் பிறகு பற்களைக் காக்க ஒரு பூச்சு பூசுவதைப் பற்றியும், எதுக்களிப்புக்குக் குழந்தை வைத்தியரை மறுபடி பார்ப்பது பற்றியும் சொன்னது பாதிதான் அவள் காதில் விழுந்தது.

வெளியே வராந்தாவில் கணவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்போ வேலை விஷயம் என்று இழுத்தான். மேல்மாடி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அவ வேலைக்கே போகட்டும்டா. வீட்டுல இருந்தா பிள்ளைக்குப் பல்லே மிஞ்சாது."

அவ்வளவுதான், வேலை பிழைத்தது. எதற்காக இத்தனை பாடுபட்டாளோ அது மேல்மாடி கையாலேயே கிடைத்தது. கேட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"என் கோட்டு ரெடியா?"

மறுநாள் கோட்டு கைமாறியது. காபி பட்ட இடம் பழுப்பாக, பளபளப்பாக, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு வடிவத்தில் இறுகியிருந்தது. மேல்மாடி கடைக்கே வந்து, கவுண்டரில் முதலாளியும் வாடிக்கையாளர்களும் நிற்கும்போது அதை விரித்தாள். விரலால் தடவினாள். புரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை.

"உன்னாலயே எடுக்க முடியலையா?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். எடுத்திருக்கலாம், நான்தான் வேண்டுமென்றே சூடு போட்டேன் என்று சொன்னால் மேசை போய்விடும். முடியவில்லை என்றால் பேர் போய்விடும்.

"போகலை அண்ணி."

குழந்தையின் பற்களைச் சுத்தம் செய்தபோது கறுப்புக் கோடு ஒரே தடவையில் போனது. மஞ்சள் அதற்கு மேல் ஏறவில்லை. கீழே ஒரு டம்ளர், மாடியில் ஒரு டம்ளர் என்று வாய் கழுவத் தண்ணீர் தயாராக இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துரோகம் செய்யவில்லை. எதுக்களிப்பும் மெல்ல மெல்ல ஓய்ந்தது. பால்பல் விழுந்து புதுப் பல் வெள்ளையாக முளைத்தது.

கோட்டை மட்டும் மேல்மாடி தூக்கி எறியவில்லை. கொழுந்தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அதையே போட்டுக்கொண்டு வருவாள். யாராவது என்ன கறை என்று கேட்டால், கைதேர்ந்தவங்களே கைவிட்ட கறை என்று சொல்லிவிட்டு எதிரே பார்ப்பாள். கறைக்காரி பால் புட்டியை எடுத்து வைத்திருந்த கதையைத் தொடங்குவாள். மேல்மாடி பிரஷ் கதைக்கு வருவாள். கணவன் சோற்றில் கண்ணை வைத்துக்கொண்டு வேகமாகச் சாப்பிடுவான். இப்போது அவன் சிரிப்பதில்லை.

குளிர்காலம் தொடங்கியதும் அந்தக் கோட்டு கடைக்கு வரும், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து. ஏதாவது புது மருந்து வந்திருக்கா, மறுபடி முயற்சி பண்ணிப் பாரேன் என்பாள் நாத்தனார். கறைக்காரி அதை விளக்குக்கு நேரே பிடிப்பாள், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, போகாது அண்ணி என்று சொல்லி, சீராக மடித்துக் கொடுப்பாள்.