தம்பியின் ரத்தத்தில் நான் எண்ணியவை

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. விண்வெளிக் கதிர் மனித செல்லை என்ன செய்யும் என்பது எங்கள் ஆராய்ச்சி. விண்வெளியில் இருப்பது போன்ற கனத்த துகள்களை வெளிநாட்டில் ஏவிச் சுட்ட ரத்த செல்கள் எங்களுக்கு வரும். நான் மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவேன். நல்ல குரோமோசோமுக்கு ஒடுங்கிய இடுப்பு ஒன்றே ஒன்று. கதிர் பட்டு முறிந்தவற்றைச் செல் அவசரமாக ஒட்டும்போது இரண்டு வெவ்வேறு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு இடுப்போடு நிற்கும். பக்கத்தில் அநாதையாக ஒரு துண்டு கிடக்கும்.

என் தம்பி போர்ட் கிள்ளானில், குழாய்களின் வெல்டிங்கைக் காமா கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தான். ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் வாந்தி எடுத்தான். இரண்டு வாரத்தில் வலது கை விரல்களில் கொப்புளங்கள் கிளம்பின.

"கதிர் அளவு காட்டுற பேட்ஜ் போட்டிருந்தியா?"

"அத டிராயர்ல வச்சிட்டுதான்க்கா போவோம். பாஸ்தான் சொன்னாரு. அளவு கூடிட்டா வேலைய நிறுத்திருவாங்களாம்."

அந்த முதலாளியும் தமிழர்தான். தம்பி கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். நேரே போய்க் கேட்டேன்.

"பேட்ஜ்ல ஒண்ணுமே இல்லையே மிஸ். சூடான பைப்பத் தொட்டிருப்பான்லா," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஆய்வுக்கூட மேலாளரின் அனுமதி வாங்கி, தம்பியின் ரத்தத்தை எடுத்து அதன் செல்களை இரண்டு நாள் வளர்த்தேன். ஐநூறு செல் எண்ணினால் போதும். நான் ஆயிரம் எண்ணினேன். இரண்டு இடுப்புள்ளது ஒவ்வொன்றாகத் தென்பட்டபோதும் எனக்கு அழுகை வரவில்லை. 'மாட்டினாயா' என்று பல்லைக் கடித்தேன். அக்கா எண்ணியது செல்லாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. யாருடைய ரத்தம் என்று சொல்லாமல் சக ஊழியரிடம் கொடுத்தேன். அவர் எண்ணிக்கையும் ஒத்துவந்தது.

அந்தக் கணக்கோடு, கதிர் வேலைக்கு உரிமம் தரும் அரசுத் துறையில் புகார் கொடுத்தேன். அங்கே நடந்த விசாரணையில் முதலாளி புதுக்கதை சொன்னார்: "வானத்துல இருந்தும் ரேடியேஷன் வருதுல்ல? இவங்க வேலையே அதானே. அவன் தீபாவளிக்கு பிளைட்ல சென்னை போய்ட்டு வந்தான்."

நான் இரண்டு படங்களை மேசையில் வைத்தேன்.

"இது விண்வெளித் துகள் மாதிரி சுட்ட செல், அங்கிள். ஒரே துகள் போன வழியில நாலஞ்சு குரோமோசோம் சிக்கிக் கெடக்கு. பக்கத்து செல் சுத்தமா இருக்கு. இது என் தம்பியோடது. பல செல்லுல, ஒண்ணு ஒண்ணா பரவியிருக்கு. இது காமா. ஒரு தடவ பிளைட்ல போனா இவ்வளவு ஒடையாது."

அவருடைய உரிமம் ரத்தானது. தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டு முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கிரில் கதவைத் திறக்கவில்லை.

போன மாதம் தம்பியும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே அந்த முதலாளி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேற கடைக்குப் போலாம்க்கா," என்றான் தம்பி.

"இங்கதான்."

அவருக்கு எதிர் மேசையில், அவர் பார்வை படும்படி தம்பியை உட்கார வைத்தேன். தம்பி இடது கையால் கரண்டி பிடித்துச் சோற்றைத் தடுமாறி அள்ளினான். அவர் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தார். நான் இன்னொரு முறை சோறு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டேன்.